நெப்ராஸ்காவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? சிவப்புச் சட்டை வேறு, சிவப்புக் கட்சி வேறு

ஓமஹாவுக்கு நான் வந்து இறங்கியது ஒரு செப்டம்பர். முதல் சனிக்கிழமை பால், தயிர் வாங்கக் கடைக்குப் போனால் தாத்தா, பாட்டி, தள்ளுவண்டியில் இருந்த கைக்குழந்தை வரைக்கும் எல்லாரும் சிவப்புச் சட்டை. இது குடியரசுக் கட்சி மாநிலம், அந்தக் கட்சியின் நிறம் சிவப்பு என்று ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஆனால் இவ்வளவு வெளிப்படையாகவா என்று மிரண்டு போய்த் திரும்பி வந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அன்றைக்கு லிங்கனில் ஹஸ்கர்ஸ் ஃபுட்பால் மேட்ச். நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியின் நிறம் சிவப்பு, அவ்வளவுதான். மேட்ச் நாளில் அந்த ஸ்டேடியத்தில் கூடும் கூட்டமே மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று பெருமையாகச் சொல்வார்கள். சிவப்புச் சட்டைக்காரர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்று சட்டையை வைத்துச் சொல்லவே முடியாது.

சரி, ஓட்டு விஷயத்துக்கு வருவோம். ஆபீஸில் எல்லாரும் இதைப் பேசுவார்கள், நாம் மட்டும் முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

நெப்ராஸ்கா மாநிலமானது 1867-இல், உள்நாட்டுப் போர் முடிந்த சூட்டில். இலவச நிலச் சட்டத்தையும் ரயில் பாதையையும் நம்பிக் குடியேறியவர்களில் குடியரசுக் கட்சி அதிபர் லிங்கனின் வடக்குப் படையில் சண்டை போட்டவர்கள் நிறைய. தலைநகருக்கே லிங்கன் என்று பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் ஆரம்பம் முதலே குடியரசுக் கட்சிதான். அதிபர் தேர்தலில் மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சி ஜெயித்தது இதுவரை ஏழே முறை: 1896, 1908, 1912, 1916, 1932, 1936, 1964. 1964-இல் ஜான்சன் ஜெயித்ததுதான் கடைசி. இப்போது டிரம்ப்புக்கு மூன்று தேர்தலிலும் சுமார் 58, 59 சதவீதம். நம்மூர் மாவட்டம் மாதிரி இங்கே கவுண்டி, மொத்தம் 93. 2020-லும் 2024-லும் அதில் 91 டிரம்ப்புக்கு, ஓமஹா இருக்கும் டக்ளஸும் லிங்கன் இருக்கும் லங்காஸ்டரும் மட்டும் அந்தப் பக்கம்.

அந்த ஏழில் 1896-ஐயும் 1908-ஐயும் கவனியுங்கள். இரண்டிலும் நின்றவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், லிங்கனில் குடியிருந்த வக்கீல். 1896-இல் அவருக்கு வயது 36. சோளத்துக்கு விலை இல்லை, நிலம் அடமானத்தில், ரயில் கம்பெனிக்காரன் கேட்கிற கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும், கடன் வாங்கியபோது இருந்த டாலரைவிட அடைக்கும்போது டாலர் கனத்துப் போயிருக்கிறது. வெள்ளிக் காசை அடித்துப் பணப்புழக்கத்தைக் கூட்டுங்கள் என்று அவர் கேட்டபோது விவசாயிகள் பின்னால் போனதில் ஆச்சரியமே இல்லை. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1892-இல், விவசாயிகள் பக்கம் நின்ற மக்கள் கட்சி தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டதும் இதே ஓமஹாவில்தான். மூன்று முறை நின்று மூன்று முறையும் பிரையன் தோற்றார். 1900-இல் சொந்த மாநிலமே கைவிட்டது.

இப்போது முக்கியமான சமாச்சாரம். அதிபரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை எலக்டோரல் ஓட்டு என்று உண்டு, நாடு முழுக்க 270 கிடைத்தவர் அதிபர். மற்ற மாநிலங்களில் ஜெயித்தவருக்கே அந்த ஓட்டு மொத்தமும். மெய்னிலும் நெப்ராஸ்காவிலும் மட்டும் அப்படி இல்லை. இங்கே 5 ஓட்டு, அதில் 2 மாநிலம் முழுக்க ஜெயித்தவருக்கு, மீதி 3 தொகுதிக்கு ஒன்று. 1991-இல் சட்டம் போட்டு 1992-இலிருந்து நடக்கிறது. பதினாறு வருஷம் இதனால் எந்த மாற்றமும் இல்லை. 2008-இல் ஓமஹாவை உள்ளடக்கிய 2-ஆம் தொகுதியை ஒபாமா தட்டிக்கொண்டு போனார். 2012-இல் குடியரசுக் கட்சியின் ராம்னி, 2016-இல் டிரம்ப், 2020-இல் ஜனநாயகக் கட்சியின் பைடன், 2024-இல் ஹாரிஸ் என்று அது ஆடிக்கொண்டே இருக்கிறது.

2024-இல் எங்கள் தெருவில் வெள்ளைப் பலகையில் ஒரு நீலப் பொட்டு, ஒரு எழுத்துகூட இல்லை, வீட்டுக்கு வீடு முளைத்தது. ஏதோ வீட்டு புரோக்கர் விளம்பரம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம், சிவப்பு மாநிலத்துக்கு நடுவில் நாங்கள் ஒரு நீலப் புள்ளி என்று சொல்கிறார்களாம். ஹாரிஸ் 270-ஐத் தொட இந்த ஒரு ஓட்டு தேவைப்படலாம் என்ற நிலை. தேர்தலுக்குச் சில வாரம் முன்பு ஐந்து ஓட்டும் ஜெயித்தவருக்கே என்று சட்டத்தை மாற்றச் சொல்லி தென் கரோலைனாவிலிருந்து குடியரசுக் கட்சி செனட்டர் லிண்ட்சி கிரஹாமே வந்து பேசிவிட்டுப் போனார். ஓமஹாவைச் சேர்ந்த ஒரு குடியரசுக் கட்சி உறுப்பினர் முடியாது என்று சொன்னதும் அந்த முயற்சி அப்படியே நின்றது. வீடு பார்க்கும்போது இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஓமஹாவின் மேற்குப் பகுதியான எல்க்ஹார்ன் 2-ஆம் தொகுதி, லிங்கன் 1-ஆம் தொகுதி, ஓமஹாவுக்குத் தெற்கே இருக்கும் சார்பி கவுண்டியோ இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

வரைபடத்தைப் பார்த்து இவர்கள் இப்படித்தான் என்று முடிவு கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். வீட்டுக்கு வருகிற கரண்ட் பில்லைப் பாருங்கள். இந்த மாநிலத்தில் மின்சாரம் முழுக்கப் பொதுத்துறை, ஓமஹாவில் அதன் வாரிய உறுப்பினர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டசபையிலும் ஒரே அவைதான், 49 பேர், ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது. அதற்காக ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் குடியரசுக் கட்சி செனட்டர் ஜார்ஜ் நாரிஸ். அதிபருக்கு டிரம்ப் என்று குத்திய அதே கை 2024-இல் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கும் மருத்துவக் கஞ்சாவுக்கும் ஆம் என்று குத்தியது. 2022-இல் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக உயர்த்தியதும் மக்கள் ஓட்டுதான்.

இதையெல்லாம் வேடிக்கை பார்க்கலாம், குடியுரிமை வாங்கும்வரை கை மட்டும் வைக்காதீர்கள். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போனால் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். எச்-1பி, எஃப்-1, கிரீன் கார்டு, எதுவானாலும் பதில் ‘இல்லை’. என்னோடு வேலை பார்த்த ஒருவர் வரிசையில் நின்ற அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துக்கொண்டே வந்தவர், கையெழுத்துப் போடும் நேரத்தில்தான் அதைக் கவனித்தார், வேறு படிவம் வாங்கி எழுதினார். பிற்பாடு குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று அந்தப் படிவத்திலேயே கேட்பார்கள். தெரியாமல் செய்தேன் என்று அங்கே போய் விளக்கிக்கொண்டிருப்பது பெரிய தலைவலி. வேட்பாளருக்கு நன்கொடையும் விசாக்காரர்கள் கொடுக்கக் கூடாது, கிரீன் கார்டுக்காரர்கள் கொடுக்கலாம். குடியுரிமை வாங்கியவர்கள் தாராளமாகப் பதியுங்கள், ஓட்டுப் போடப் போகும்போது போட்டோ அடையாள அட்டை மறக்க வேண்டாம், 2024-இலிருந்து அது கட்டாயம்.

பேச்சு விஷயம். நீங்கள் யாருக்கு என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் நேராகக் கேட்காதீர்கள், அவர்களும் கேட்க மாட்டார்கள். மழை, சோளம், ஹஸ்கர்ஸ், இந்த மூன்றும் போதும், அரை மணி நேரம் ஓடும். ஒரு சின்னத் தந்திரம் சொல்கிறேன். டக்ளஸ், லங்காஸ்டர், சார்பி மூன்றையும் விட்டால் மற்ற கவுண்டிகளின் சாதாரண நம்பர் பிளேட்டில் முன்னால் நிற்பது கவுண்டி எண். 1922-இல் எந்தக் கவுண்டியில் எத்தனை வண்டி இருந்ததோ அந்த வரிசையில் கொடுத்தது, வண்டி குறையக் குறைய எண் கூடும். 80, 90 என்று தொடங்கும் பிக்கப் டிரக் ஒன்று காஸ்ட்கோ கடை வாசலில் பக்கத்தில் வந்து நின்றால், ஓட்டி வந்தவர் நாலைந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டுகூட வந்திருக்கலாம். உங்கள் பக்கம் மழை எப்படி என்று கேளுங்கள், மனிதர் வண்டியை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பார்.