லிங்க், கோல், முழம்: பழைய பத்திர அளவுகளை மீட்டராக்கும் முறை

காட்பாடிக்கு அருகிலுள்ள எங்கள் குடும்ப நிலத்தின் பழைய புலப்படத்தை முதன்முறையாகக் கையில் எடுத்தபோது, வயலின் ஓரங்களில் 375, 240 என்று வெறும் எண்களே இருந்தன. அடி என்றோ மீட்டர் என்றோ எங்கும் குறிக்கப்படவில்லை. அவற்றை அடி என்று எண்ணிப் பெருக்கியபோது இரண்டு ஏக்கருக்கு மேல் வந்தது. பத்திரத்திலோ விஸ்தீரணம் 90 சென்ட் என்றே எழுதியிருந்தது.

அந்த எண்கள் லிங்க் அளவுகள். ஆங்கிலேயக் கணிதவியலாளர் எட்மண்ட் குன்டர் 1620இல் வகுத்த 66 அடி நில அளவைச் சங்கிலியில் 100 கண்ணிகள் உண்டு. அதில் ஒரு கண்ணியே ஒரு லிங்க், அதாவது 7.92 அங்குலம். ஆகவே லிங்க் எண்ணை 0.66ஆல் பெருக்கினால் அடியும், 0.201168ஆல் பெருக்கினால் மீட்டரும் கிடைக்கும். 375 லிங்க் என்பது 247.5 அடி, அதாவது 75.44 மீட்டர், 240 லிங்க் என்பது 158.4 அடி, அதாவது 48.28 மீட்டர்.

இந்தச் சங்கிலியின் அழகு பரப்பைக் கணக்கிடும்போதுதான் தெரியும். ஆயிரம் சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட் ஆகும் என்பதால், மூலைகள் செங்கோணமாக உள்ள எங்கள் வயலுக்கு 375ஐ 240ஆல் பெருக்கி, வரும் 90,000ஐ ஆயிரத்தால் வகுத்தால் 90 சென்ட் வந்துவிடுகிறது. நீளத்தை மாற்றுமுன் இப்படிப் பரப்பைப் போட்டு, பத்திரத்தில் உள்ள விஸ்தீரணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டும் பொருந்தினால் அளந்த சங்கிலி எது என்பது உறுதியாகிவிடும். நூறு அடிச் சங்கிலியும் புழக்கத்தில் இருந்தது. அதில் ஒரு லிங்க் ஓர் அடி. பின்னால் வந்த 20 மீட்டர் சங்கிலியில் ஒரு லிங்க் 20 சென்டிமீட்டர். வேறுபாடு சிறிதுதானே என்று பழைய லிங்க்கை 20 சென்டிமீட்டராகக் கொண்டால், எங்கள் வயல் 3,642 சதுர மீட்டரிலிருந்து 3,600ஆகக் குறைந்து, ஒரு சென்டுக்குச் சற்று மேலான நிலம் காகிதத்திலேயே காணாமல் போய்விடும்.

அதற்கும் முந்தைய, வட ஆற்காடு ஜில்லா என்று தலைப்பிட்ட பத்திரங்களில் குழி, காணி என்ற சொற்கள் வந்தால் கூடுதல் கவனம் தேவை. குழி என்பது அளவுகோலின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கிய பரப்பு. கோல் மாறினால் குழியும் மாறும். சென்னை, செங்கல்பட்டு வழக்கில் கோல் 24 அடி, குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. தஞ்சை வழக்கில் கோல் 12 அடி, குழி 144 சதுர அடிதான். சோழர் கல்வெட்டுகளில் வரும் பதினாறு சாண் கோலும், சாணை ஒன்பது அங்குலமாகக் கொண்டால், 12 அடியே ஆகிறது. எனவே ஐம்பது குழி என்று படித்தால், அது 66 சென்டா பதினாறரை சென்டா என்பதை எல்லை விவரத்தையும் அடுத்த சர்வே எண்ணின் பரப்பையும் வைத்துத் தீர்மானித்த பிறகே பெருக்கத் தொடங்குங்கள்.

முழத்துக்கு இரண்டு சாண், அதாவது 18 அங்குலம், 45.72 சென்டிமீட்டர் என்று கொள்வது வழக்கம். வேலூர் மார்க்கெட்டில் பூ விற்பவர் தம் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை நீட்டி அளக்கும்போது இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறுவதைக் காணலாம். வீட்டுச் சுவரை முழத்தில் சொல்லும் பத்திரத்துக்கும் இதே தளர்வு உண்டு என்பதால், மாற்றிய எண்ணுக்குத் தசமப் புள்ளிகள் சேர்ப்பதில் பொருளில்லை. கஜத்தில் இந்தக் குழப்பம் இல்லை: அது 0.9144 மீட்டர், ஆகவே ஒன்பது கஜச் சேலை 8.23 மீட்டர்.

கணக்கின் நடுவில் எண்களை முழுமையாக்காமல், கடைசியில் மட்டும் இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்குங்கள். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வயலுக்குச் சென்று, ஒரு மூலைக் கல்லிலிருந்து வரப்போரமாகத் தொய்வில்லாமல் பிடித்து, கணக்கில் வந்த மீட்டரில் அடுத்த கல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வயலில் 75.44 மீட்டரில், கோரைப்புல்லுக்குள் பாதி புதைந்து அந்தக் கல் இருந்தது.