வாசல்ல வந்து விக்கிறவங்ககிட்டயும் வாட்ஸப்லயும் பொருள் வாங்குறீங்களா? முதல்ல விலாசத்தைக் கேளுங்க

போன தை மாசம் அறுப்பு முடிஞ்சு, டிபிசில, அதான் அரசு நெல் கொள்முதல் நிலையத்துல, நெல்லைப் போட்டு, பணம் அக்கவுண்ட்ல ஏறி நாலு நாள் ஆகல, அதுக்குள்ள எங்க வீட்டு வாசல்ல ரெண்டு பசங்க வந்து நின்னுருக்காங்க. டை கட்டிக்கிட்டு, தோள்ல பேக்கு, "அம்மா உங்க தெரு தண்ணிய ஃப்ரீயா டெஸ்ட் பண்ணித் தர்றோம்மா"ன்னு. நான் கும்பகோணத்துக்கு வேலைக்குப் போயிட்டேன், சாயந்திரம் வலங்கைமான்ல பஸ் இறங்கி வீட்டுக்கு வந்து பாத்தா சமையக்கட்டு செவுத்துல 14,500 ரூபாய்க்கு ஒரு வாட்டர் ஃபில்டர் தொங்குது. பில்லு எங்கம்மான்னு கேட்டா ஒரு விசிட்டிங் கார்டை நீட்டுறாங்க, அதுல ஒரு பேரு, ஒரு செல் நம்பர், அவ்ளோதான். அந்த நம்பர் மறுநாளே ஸ்விட்ச் ஆஃப்.

அந்தப் பணத்துக்காக அலைஞ்சப்ப தெரிஞ்சுக்கிட்டதத்தான் இங்க ஸ்டெப் ஸ்டெப்பா எழுதுறேன். வீட்டு வாசல் மட்டும் இல்ல, வாட்ஸப் குரூப், இன்ஸ்டா, டிவில நம்பர் போட்டு விக்கிறது, கல்யாண மண்டபத்தை மூணு நாள் வாடகைக்கு எடுத்து தள்ளுபடி விற்பனைன்னு போடுறது, மைக் கட்டுன வேன்ல மெத்தை விக்கிறது, எல்லாத்துக்கும் இது ஒத்து வரும்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீத்துடுறேன். கடையில வாங்குனாதான் கேஸ் போட முடியும்னு எங்க ஊர்ல பாதிப் பேரு நினைக்கிறாங்க. இல்லங்க. 2019ல வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அமலுக்கு வந்தது 2020 ஜூலை 20, அதுல வாங்குறதுன்னா என்னன்னு சொல்ற இடத்துலயே ஆன்லைன், டெலிஷாப்பிங், நேரடி விற்பனை, மல்டி லெவல் மார்க்கெட்டிங் எல்லாத்தையும் பேர் சொல்லியே சேத்துருக்காங்க. உரிமை இருக்கு, ஆனா அந்த உரிமைய யார் மேல காட்டுறது, அங்கதான் சிக்கலு. கடைன்னா போர்டு இருக்கும், மறுநாள் போய் நின்னு சத்தம் போடலாம். இவங்களுக்கு எந்த வாசல்ல போய் நிப்பீங்க?

ஸ்டெப் 1: விலாசம்

அதனால பணத்தை எடுக்குறதுக்கு முன்னாடி விலாசம். செல் நம்பர் விலாசம் இல்ல, இன்ஸ்டா ஐடியும் விலாசம் இல்ல. கம்பெனி பேரு, கதவு நம்பர், தெரு, ஊரு, பின்கோடு. ஜிஎஸ்டி நம்பர் இருந்தா கேளுங்க, 15 எழுத்து இருக்கும், தமிழ்நாட்டுல பதிஞ்சதுன்னா 33ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி வெப்சைட்ல போட்டா யாரு பேர்ல இருக்குன்னு ஓசியிலயே காட்டிடும். சின்ன வியாபாரிக்கு ஜிஎஸ்டி இல்லாம இருக்கலாம், அது ஒண்ணும் தப்பில்ல, ஆனா விலாசம் இல்லாத வியாபாரி எப்படி இருக்க முடியும்?

நேரடி விற்பனைக் கம்பெனிகளுக்குன்னே 2021 டிசம்பர்ல தனியா விதி போட்டாங்க. அதுப்படி அவங்க ஆளு அடையாள அட்டை இல்லாம, முன்கூட்டி கேக்காம உங்க வீட்டுக்கு வரவே கூடாது. வந்த உடனே நான் யாரு, எந்தக் கம்பெனி, என்ன விக்க வந்துருக்கேன்னு சொல்லணும், விலை என்ன, திருப்பிக் குடுக்கலாமா, வாரண்டி என்னங்கறதையும் சொல்லணும், ஆர்டர் ஃபாரமும் தரணும். "தண்ணி டெஸ்ட் பண்ண வந்தோம்"னு சொல்லிட்டு மெஷினை வித்தா அங்கயே தப்பு ஆரம்பிச்சாச்சு. அட்டையக் கேளுங்க, செல்லுல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. எடுக்கவிட மாட்டேன்னா "சரிப்பா, போயிட்டு வா"ன்னு சொல்லிட வேண்டியதுதான்.

ஸ்டெப் 2: டெமோ காட்டுனா ரெண்டு நாள் டைம் கேளுங்க

இத கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா டெல்டால இந்த வித்தைக்கு விழாத தெருவே இல்ல. ரெண்டு கிளாஸ் எடுப்பான். ஒண்ணுல நம்ம வீட்டு போர் தண்ணி, இன்னொண்ணுல அவன் பாட்டில்ல கொண்டாந்த ஆர்ஓ தண்ணி. நாலு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு டப்பாவ ரெண்டு கிளாஸ் மேலயும் வச்சு கரண்டைப் போடுவான். ஒரு நிமிஷத்துல நம்ம தண்ணி செங்கல் கலர்ல கலங்கி மேல அழுக்கா நுரை கட்டும், அவன் தண்ணி பளிங்கு மாதிரி அப்படியே நிக்கும். "இதத்தாம்மா பேரப்புள்ளைக்குக் குடுக்குறீங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்க, எங்கம்மா நேரா பீரோவத் தொறந்துட்டாங்க.

அந்தக் கலர் தண்ணியில இருந்து வர்றதில்ல, கம்பியில இருந்து வருது. இரும்புக் கம்பி கரண்டுல கரைஞ்சு துருவா மாறி தண்ணியில கலக்குது. தண்ணியில உப்பு, தாது இருந்தாதான் கரண்ட் பாயும், நம்ம தண்ணியில அது இருக்கு, ஆர்ஓ தண்ணியில எடுத்துடுறாங்க, அதனால அங்க ஒண்ணும் நடக்காது. நம்பிக்கை இல்லன்னா அவனோட சுத்தமான கிளாஸ்ல ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கரண்டைப் போடச் சொல்லுங்க, அதுவும் செங்கலாயிடும். நான் இத பின்னாடி ஃபில்டரைக் கழட்ட வந்த ஆளு முன்னாடியே செஞ்சு காட்டுனேன், அவரு பாவம் சிரிச்சுக்கிட்டே ஸ்க்ரூவைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு.

டிடிஎஸ் மீட்டர்னு பேனா மாதிரி ஒண்ணு காட்டுவாங்க, அது பொய் இல்ல, ஆனா கரைஞ்ச உப்போட அளவை மட்டும்தான் சொல்லும், கிருமி இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே கிடைக்காத ஊர்ல 2,000 வரைக்கும் பரவால்லன்னு நம்ம நாட்டு குடிநீர்த் தரம் சொல்லுது. கடலோரத்துல, வேதாரண்யம் பக்கமெல்லாம் தண்ணி உப்பா இருந்தா ஆர்ஓ தேவைப்படலாம், அத நான் வேண்டாம்னு சொல்லல. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்துல லேப் இருக்கு, அங்க டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம் மெஷின் வாங்குங்க. "ஆஃபர் இன்னிக்கு மட்டும்தாம்மா"ன்னா, இன்னிக்கு முடிஞ்சு போகட்டும். ஆன்லைன்ல ஓடுற "இன்னும் 2 நிமிஷம்தான்" கடிகாரமும் இதே ஜாதிதான், அந்த மாதிரி பொய் அவசரம் காட்டுறதுக்கு 2023 நவம்பர்ல மத்திய அரசு தடையே போட்டுருக்கு.

ஸ்டெப் 3: பில்லு

பில்லு குடுக்க மாட்டேங்கறதே முறையற்ற வணிகம்னு சட்டத்துல இருக்கு. "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேரும், பரவால்லையாக்கா?"ன்னு கேட்டா பரவால்லன்னு சொல்லுங்க, எம்ஆர்பியே எல்லா வரியும் சேந்ததுதான்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது"ன்னு அச்சடிச்சிருந்தா பயந்துக்க வேண்டாம். பொருள்ல குறை இருந்தா, பில்லுல எத்தனை நாள்னு போட்டுருக்கோ அதுக்குள்ள, ஒண்ணுமே போடலன்னா 30 நாளுக்குள்ள, திருப்பி எடுத்துக்கிட்டு பணம் தரணும், மாட்டேன்னா அதுவும் முறையற்ற வணிகம்தான். ஆனா ஒண்ணு, இத பல பேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க, பொருள் நல்லா இருந்து நமக்கு மனசு மாறுனா திருப்பிக் குடுக்குற பொது உரிமை நம்ம ஊருச் சட்டத்துல கிடையாது. அது விக்கிறவரு குடுக்குற சலுகை. அதனாலதான் ரிட்டர்ன் உண்டான்னு வாங்குறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வச்சுக்கணும், வாட்ஸப்ல "ஆமா சிஸ்டர்"னு ஒரு பதில் வந்தாலும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க.

ஸ்டெப் 4: ஆன்லைன்ல, இன்ஸ்டால வாங்குறப்ப

திருபுவனம் பட்டுன்னு இன்ஸ்டால ஒரு ரீல் வரும், கடையில விக்கிற விலையில கால்வாசி சொல்லுவாங்க. திருபுவனம் பட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அந்தப் பேரைச் சும்மா ஒட்டிக்க முடியாது. அசல் பட்டுன்னு காட்டுற சில்க் மார்க் டேக் இருக்கான்னு கேளுங்க. வந்ததுக்கு அப்புறம் சந்தேகமா இருந்தா முந்தானைக் குஞ்சத்துல ஒரு இழை எடுத்து பத்த வைங்க, பட்டுன்னா முடி கருகுன வாசம் வரும், பாலியெஸ்டர்னா உருகி உருண்டையாயிடும்.

பார்சல் வந்தா ஒட்டுன லேபிள் தெரியுற மாதிரி வீடியோவை ஆரம்பிச்சு, வெட்டாம கடைசி வரைக்கும் எடுங்க. கேக்காத பார்சல் கேஷ் ஆன் டெலிவரில வந்து, வீட்டுல பெரியவங்க மட்டும் இருந்தா "பேரன் போட்டுருப்பான்"னு பணத்தைக் குடுத்துடுறாங்க. ஆர்டர் போட்டவன் ஃபோன்ல சரின்னு சொல்லாம பார்சல் வாங்கக் கூடாதுன்னு வீட்டுல சொல்லி வைங்க.

தொழிலா ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு 2020 இ-காமர்ஸ் விதி இருக்கு. விளம்பரத்துல காட்டுனதுக்கு மாறா வந்தாலோ, சொன்ன தேதிக்கு ரொம்பத் தள்ளி வந்தாலோ, பழுதா இருந்தாலோ திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர்னு ஒருத்தரை பேரோட போடணும், நம்ம புகார் கிடைச்சுதுன்னு 48 மணி நேரத்துல சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள முடிக்கணும். கஸ்டமர் கேர் நம்பரை மட்டும் கூகுள்ல தேடாதீங்க, ஆப்புக்கு உள்ள இருக்குறத எடுங்க, வெளிய கிடக்குறதுல போலி ஜாஸ்தி. ரீஃபண்ட் வாங்க யூபிஐ பின் போடச் சொன்னா கட் பண்ணிடுங்க, பணம் வர்றதுக்கு பின் தேவையே இல்ல.

விதை வாங்குறவங்க இத தவற விடாதீங்க

சம்பா பட்டத்துக்கு முன்னாடி வாட்ஸப் குரூப்ல மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி விதைன்னு வரிசையா வரும். சான்று பெற்ற விதைன்னு சொன்னா மூட்டையில நீல அட்டை இருக்கணும், அதுலயும் கூட இருக்குற லேபிள்லயுமா லாட் நம்பர், சோதிச்ச தேதி, முளைப்புத் திறன் எல்லாம் போட்டுருக்கும், நெல்லுக்கு குறைஞ்சது 80 சதவீதம். வெள்ளை அட்டைன்னா ஆதார விதை, அதுல இருந்துதான் சான்று விதையப் பெருக்குவாங்க. அட்டையே இல்லாம தெரிஞ்ச விவசாயிகிட்ட வாங்குனீங்கன்னா நூறு நெல்லை எண்ணி ஈரச் சாக்குல கட்டி வச்சு எத்தனை முளைக்குதுன்னு நீங்களே பாத்துடுங்க, நாத்தங்கால் விட்டுட்டு அழறதுக்கு அது மேலு. அட்டை, காலிச் சாக்கு, பில்லு, ஒரு கை விதை, நாலையும் அறுப்பு வரைக்கும் எடுத்து வைங்க. விதை முளைக்கலன்னா வேளாண்மை ஆபீஸ்ல எழுதிக் குடுத்து வயலை வந்து பாக்கச் சொல்லணும். விவசாயி வியாபாரத்துக்காக வாங்குறாரு, அவரு நுகர்வோர் இல்லன்னு விதைக் கம்பெனி வக்கீலுங்க வாதாடிப் பாத்தாங்க, 2012ல சுப்ரீம் கோர்ட்டு விவசாயியும் நுகர்வோர்தான்னு சொல்லிடுச்சு.

"மூணு பேரைச் சேத்துவிடுங்க அத்தாச்சி"

சத்துமாவு, சோப்பு, காந்த மெத்தைன்னு மகளிர் குழுவுக்குள்ள வர்றது. சேர்றதுக்குப் பணம் கேட்டா, ஆளு சேக்குறதுக்குத்தான் காசுன்னா, அது பிரமிடு ஸ்கீம், 2021 விதியில நேரா தடை. இதுல மாட்டுறவங்க பாதிப் பேரு சொந்தக்காரங்க மூஞ்சிக்காக மாட்டுறாங்க, அதுக்கு எங்கிட்டயும் மருந்து இல்ல.

ஏமாந்துட்டோம்னா

ஆன்லைன்ல பணத்தையே சுருட்டிட்டான்னா அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க, லேட்டாக ஆக பணம் கை மாறிக்கிட்டே இருக்கும்.

பொருள் வந்துருக்கு, ஆனா பிரச்சனைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். நான் முதல்ல அங்கதான் பண்ணேன். யார் மேல புகார்னு கேட்டாங்க, எங்கிட்ட இருந்தது அந்த விசிட்டிங் கார்டுதான். அப்பதான் ஃபில்டருக்குப் பின்னாடி ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாத்தேன். பாக்கெட் போட்டு விக்கிற பொருள்ல தயாரிச்சவன் பேரு, விலாசம், எம்ஆர்பி, புகார் நம்பர் எல்லாம் இருக்கணும்னு 2011 விதி இருக்கு. ஸ்டிக்கர்ல எம்ஆர்பி 9,990. எங்கம்மா குடுத்தது 14,500. எம்ஆர்பிக்கு மேல வித்ததே தனிக் குத்தம், அதுக்கு தொழிலாளர் துறையில எடையளவு பாக்குற அதிகாரிகிட்டயும் எழுதலாம்.

அந்த விலாசத்துக்கு ஒரு லெட்டர், ஸ்பீட் போஸ்ட்ல. என்னிக்கு வாங்குனது, எவ்ளோ, என்ன சொல்லி வித்தாங்க, என்ன வேணும், 15 நாள் டைம், அவ்ளோதான் எழுதணும், கோபத்தை எழுதக் கூடாது. கம்பெனிக்காரங்க முதல்ல "அது எங்க டீலர் இல்ல"ன்னாங்க. மெஷினோட சீரியல் நம்பரை போட்டோ எடுத்து அனுப்புனேன், அந்த நம்பர் யாருக்குப் போனதுன்னு அவங்க ரெஜிஸ்டர்லயே இருக்கும்ல, அதுக்கப்புறம் குரல் மாறிடுச்சு.

அப்படியும் மசியலன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்துல எல்லாம் இருக்கு. கம்பெனி டெல்லியில இருந்தாலும் நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், புதுச் சட்டத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா கட்டணமே இல்ல, வக்கீலும் கட்டாயம் இல்ல, ஆன்லைன்லயும் போடலாம். மூணு மாசத்துல முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு, ஆனா அதை நம்பி நாள் குறிச்சு வைக்காதீங்க.

எங்களுக்கு அவ்ளோ தூரம் போகல. அஞ்சு வாரத்துல 13,000 வந்துச்சு, 1,500 இன்ஸ்டலேஷன்னு பிடிச்சுக்கிட்டாங்க. நான் விட மாட்டேன்னேன், எங்கம்மா "போதும்டா, விடு"ன்னுட்டாங்க. செவுத்துல ட்ரில் போட்ட நாலு ஓட்டை அப்படியேதான் இருக்கு, ஒண்ணுல இப்ப தினசரி காலண்டர் தொங்குது.