கப்பல் சுற்றுலா: டிக்கெட் விலையோடு கணக்கு முடியாது

ஐயா (தாத்தா) காலத்தில் செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறியது கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் செய்ய. இப்போது காரைக்குடியில் பலர் சுற்றிப்பார்க்கக் கப்பல் டிக்கெட் விசாரிக்கிறார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: விளம்பரக் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போனால் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ், வைஃபை, கரையில் இறங்கிச் சுற்றும் செலவு பல கப்பல்களில் தனி. எல்லாம் சேர்த்த தொகையை எழுதி வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

ஜன்னல் இல்லாத உள் அறைதான் மலிவு. பகலெல்லாம் மேல்தளத்தில்தானே இருக்கப் போகிறோம், அதுவே போதும். அப்புறம், சென்னையில் ஏறுவதானால் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் முதல் நாளே போய்விடுங்கள். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அந்த ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகையையும் பட்ஜெட்டில் சேருங்கள்.