2003-ஐ நோட்டில் ஓட்டிப் பாருங்கள்: ராலி சீசன் பார்க்கப் பழகும் விதம்

என் அக்கா மகன் ஃபார்முலா ஒன் பைத்தியம். ஒரு நாள் அவனை உட்கார வைத்து, ராலி காருக்குள் இருந்து எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டேன். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தான். “ஒரே ஒரு கார்தானே மாமா ஓடுது? யாரு யாரை முந்தறாங்கன்னே தெரியலையே!”

அவன் கேட்டதில் தப்பில்லை. ராலியை ஸ்டேஜ் என்று பல சாலைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நேரம் எடுப்பார்கள். கார்கள் இரண்டு மூன்று நிமிஷ இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத்தான் கிளம்பும். யார் முன்னால் இருக்கிறார் என்பதை நேரப் பட்டியலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே உள்ள செம்மண் தடங்களில் நடக்கும் ராலிகளுக்கு நான் மார்ஷலாக, அதாவது தடத்தில் நின்று ராலியை நடத்த உதவுகிறவனாக, போய் நின்றிருக்கிறேன். நாள் முழுக்க அங்கே நின்றாலும் கண்ணில் விழுவது புழுதிதான். சாயங்காலம் நேரப் பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் நம் முன்னால் என்ன நடந்தது என்றே புரியும். அதனால் ராலி பார்க்க டிவி இரண்டாம்பட்சம். ஒரு லாங் சைஸ் நோட்டும் பென்சிலும் அழிரப்பரும் முதலில் வேண்டும்.

பழகுவதற்கு இந்த வருஷ சீசனை எடுக்காதீர்கள். இப்போது மொத்த ராலிக்குத் தனிப் புள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குத் தனிப் புள்ளி, பவர் ஸ்டேஜ் என்ற கடைசி ஸ்டேஜுக்குத் தனிப் புள்ளி என்று கணக்கு சிக்கலாகிவிட்டது. புதிதாக வருகிறவருக்கு இரண்டாவது ராலியிலேயே தலை சுற்றும். உலக ராலி சாம்பியன்ஷிப்பின் 2003 சீசனை எடுங்கள். மொத்தம் 14 ராலி. முதல் எட்டு இடத்துக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1. அவ்வளவுதான் விதி. வாரத்துக்கு ஒரு ராலி என்று வைத்தால் மூன்றரை மாதத்தில் முடிந்துவிடும்.

முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுபாருவில் ஓடிய நார்வேக்காரர் பெட்டர் சோல்பெர்க் 72 புள்ளி, சிட்ரோயனில் ஓடிய பிரெஞ்சுக்காரர் செபாஸ்டியன் லோப் 71. இது தெரிந்திருந்தாலும் ஐந்தாவது ராலி முடிந்ததும் நீங்கள் உங்கள் கூட்டலைச் சந்தேகப்படுவீர்கள். ஏனென்று பின்னால் வருகிறேன்.

நோட்டில் இரண்டு பக்கத்தை விரித்து, இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஆறு ஓட்டுநர்களின் பெயரை எழுதுங்கள்: சோல்பெர்க், லோப், கார்லோஸ் சைன்ஸ், ரிச்சர்ட் பர்ன்ஸ், மார்க்கோ மார்ட்டின், மார்கஸ் குரோன்ஹோம். குறுக்கே 14 கட்டம். கட்டத்தின் தலையில் ராலியின் பெயரை, ஓடும் தரைக்கு ஏற்ற நிறத்தில் எழுத வேண்டும். இது அழகுக்குச் செய்வதில்லை. தார் ரோடு கறுப்பு: ஜெர்மனி, சான்ரெமோ, கோர்சிகா, கேட்டலூனியா. மண் ரோடு சிவப்பு: துருக்கி, நியூசிலாந்து, அர்ஜென்டினா, கிரீஸின் அக்ரோபொலிஸ், சைப்ரஸ், பின்லாந்து, ஆஸ்திரேலியா, கடைசியில் பிரிட்டன். சுவீடன் பனி, அதற்கு நீலம். மான்டி கார்லோவுக்கு மட்டும் கறுப்பும் நீலமும் கலந்து எழுதுங்கள். ஒரே ஸ்டேஜில் காய்ந்த தாரும் உறைபனியும் மாறி மாறி வரும், எந்த டயர் போட்டாலும் பாதி தூரத்துக்குத் தப்பான டயராகத்தான் இருக்கும். நிறம் போட்டுவிட்டால் லோப் ஜெயித்த மூன்று ராலியும், மான்டி கார்லோ, ஜெர்மனி, சான்ரெமோ, கறுப்பு உள்ள கட்டங்களிலேயே விழுந்திருப்பது கண்ணில் படும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்டேஜ் வாரியான நேரங்கள் ஈ-டபிள்யூ-ஆர்-சி ரிசல்ட்ஸ் தளத்தில் கிடைக்கின்றன. நீங்களே எடுத்தால் கண் நேராக முடிவுக்குத்தான் போகும். வீட்டில் யாரிடமாவது சொல்லி பிரின்ட் எடுத்து, ஒரு ஸ்டேஜ் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து வைக்கச் சொல்லுங்கள். எனக்கு இந்த வேலையைச் செய்தவன் அதே அக்கா மகன்தான்.

இப்போது நேரத்தைப் படிக்கும் விதம். 10 நொடி பின்தங்கினார் என்று மட்டும் எழுதினால் அதற்கு அர்த்தமே கிடையாது. ஸ்டேஜின் நீளத்தால் வகுக்க வேண்டும். 20 கிலோமீட்டரில் 10 நொடி என்றால் கிலோமீட்டருக்கு அரை நொடி. அது வேகத்தில் உள்ள வித்தியாசம், ஒவ்வொரு வளைவிலும் துளித்துளியாகச் சிந்தியது. அதே ஆள் மற்ற ஸ்டேஜ்களில் கிலோமீட்டருக்குக் கால் நொடிக்குள் இருந்துவிட்டு ஒன்றில் மட்டும் இரண்டு நொடி விட்டிருந்தால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது: பஞ்சரோ, சுழன்றாரோ, இன்ஜின் நின்றுபோனதோ. பென்சிலால் வட்டம் போட்டு, அதற்குப் பிறகு அந்த ஸ்டேஜின் வீடியோவைத் தேடுங்கள். வீடியோவை முதலில் பார்ப்பது பரீட்சைக்கு விடையைப் பார்த்து எழுதுவது மாதிரி.

இந்த வகுத்தல் கணக்கும் ஒரு இடத்தில் ஏமாற்றும். மண் ரோட்டில் முதலில் போகிறவர் மேலே கிடக்கும் பொடிக்கல்லைத் தள்ளிச் சுத்தம் செய்துகொண்டே போவார். பின்னால் வருகிறவருக்குக் கெட்டியான தரை கிடைக்கும். முதல் நாள் புறப்படும் வரிசை சாம்பியன்ஷிப் வரிசைப்படி என்பதால், புள்ளியில் முதலில் இருப்பவருக்குத்தான் இந்தத் துடைப்பக்கட்டை வேலை. சிவப்புக் கட்டங்களில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாகப் புறப்பட்ட வரிசை எண்ணையும் எழுதுங்கள். பர்ன்ஸின் 2003 இதைப் பார்க்காமல் புரியாது. ஒரு ராலிகூட ஜெயிக்காமல் அந்த சீசனில் நெடுநாள் முதலிடத்தில் இருந்தவர் அவர். சுவீடன், துருக்கி, நியூசிலாந்து, அர்ஜென்டினா, ஜெர்மனி, பின்லாந்து, ஆஸ்திரேலியா என்று ஏழு முறை இரண்டாவதோ மூன்றாவதோ வந்தார்.

ஐந்தாவது ராலியான அர்ஜென்டினா முடிந்ததும் கூட்டுங்கள். பர்ன்ஸ் 32. ஐந்தில் மூன்றை ஜெயித்த குரோன்ஹோம் 30. சாம்பியன் ஆகப்போகிற சோல்பெர்க் 13. என் அக்கா மகன் இங்கே மூன்று தடவை கூட்டிவிட்டு, “பிரின்ட் தப்பு மாமா” என்றான். முடிவில் அந்த 30-காரர் 46-ல் நின்று ஆறாவது ஆனார், 13-காரர் பட்டம் வாங்கினார். அது எப்படி என்று புரிய முட்டைகளை, அதாவது புறப்பட்டும் புள்ளி கிடைக்காத ராலிகளை, எண்ண வேண்டும். சோல்பெர்க்குக்கு மான்டி கார்லோ, துருக்கி, சான்ரெமோ மூன்றிலும் முட்டை. லோபுக்கு நான்கு முட்டை. அந்த ஒரு புள்ளி எங்கே போனது என்று கேட்டால் நான் லோபின் நான்காவது முட்டையான கோர்சிகாவைத்தான் காட்டுவேன். அது அவருக்குப் பிடித்த தார் ரோடு. அங்கே ஜெயித்தவர் சோல்பெர்க், அதுவும் ராலிக்கு முன்னால் நடக்கும் சோதனை ஓட்டத்தில் காரை நொறுக்கிவிட்டு. மெக்கானிக்குகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிக் கொடுத்த கார் அது. கோர்சிகா கட்டத்துக்குக் கீழே ஓட்டுநர் பெயரோடு “மெக்கானிக்குகள்” என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்ரோபொலிஸில் மார்ட்டினின் பானட் திறந்து கண்ணாடியை மறைத்துக்கொண்ட வீடியோவை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிடைத்த இடுக்கு வழியாகப் பார்த்து ஓட்டி, அந்த ராலியையே ஜெயித்தார். எஸ்டோனியாக்காரர் ஒருவர் உலக ராலி ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

தண்டனை நேரத்துக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். ஸ்டேஜுக்கு முன்னால், கார் வந்த நேரத்தைக் குறிக்கும் இடமான டைம் கண்ட்ரோலுக்கு, சொன்ன நேரத்தைவிட ஒரு நிமிஷம் தாமதமாக வந்தால் 10 நொடி அபராதம், ஒரு நிமிஷம் முன்னாலேயே வந்தால் முழுதாக ஒரு நிமிஷம். ஆமாம், சீக்கிரம் வருவதுதான் பெரிய குற்றம். ஒரு தடவை அந்த நேரத்தை எழுதும் டைம் கார்டில் 7-ஐ 1 போல எழுதி, ஆறு நிமிஷம் முன்னாலேயே வந்ததாக ஒரு பையனின் கணக்கைக் கெடுத்தவன் நான். திருத்தி வாங்க பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் அவனுடைய கோ-டிரைவர் இருட்டும்வரை அலைந்தார். அன்றிலிருந்து என் ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு உண்டு. உங்கள் நோட்டிலும் போடுங்கள்.

கடைசி ராலிக்கு முன் மறுபடி கூட்டுங்கள். லோப் 63, சைன்ஸ் 63, சோல்பெர்க் 62, பர்ன்ஸ் 58. நாலு பேருக்கும் வழி இருந்தது. யார் எத்தனையாவது வந்தால் யாருக்குப் பட்டம் என்று ஒரு தனித்தாளில் எழுதிய பிறகே பிரிட்டன் ராலி நடந்த வேல்ஸ் காட்டு ஸ்டேஜ்களின் மடிப்பைப் பிரியுங்கள். சைன்ஸ் பாதியில் வெளியேறினார். கம்பெனிகளுக்கான பட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சிட்ரோயன் லோபை நிதானிக்கச் சொன்னது. சோல்பெர்க் 10, லோப் 8.

பர்ன்ஸின் வரிசையில் 14-வது கட்டம் காலியாக இருக்கும். அக்கா மகன் அதில் முட்டை போட்டான். அழிக்கச் சொன்னேன். முட்டை என்றால் புறப்பட்டுப் புள்ளி எடுக்காதவர். பர்ன்ஸ் புறப்படவே இல்லை. வேல்ஸுக்கு மார்ட்டினோடு காரில் போய்க்கொண்டிருந்தபோது மயங்கிவிட்டார், மூளையில் கட்டி. 2005 நவம்பர் 25-ல் இறந்தார், 2001-ல் உலகப் பட்டம் வாங்கிய அதே தேதி. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.