தொடர் தோல்வியும் ரேட்டிங் சரிவும்: செஸ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் நடந்த, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் கிராண்ட் சுவிஸ் போட்டியில், உலக சாம்பியனாக இருந்த குகேஷ் ஐந்தாம், ஆறாம், ஏழாம் சுற்றுகளில் அடுத்தடுத்துத் தோற்றார். அவரை வென்ற அபிமன்யு மிஸ்ரா, நிகோலஸ் தியோடோரு, எடிஸ் குரெல் ஆகிய மூவருமே ரேட்டிங்கில், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் குறிக்கும் எண்ணில், அவருக்குக் கீழே இருந்தவர்கள். இதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 2008 செப்டம்பரில், விஸ்வநாதன் ஆனந்த் பில்பாவோ போட்டியில் ஒரு வெற்றிகூட இல்லாமல் கடைசி இடம் பிடித்தார். அடுத்த மாதமே ஜெர்மனியின் பான் நகரில் கிராம்னிக்கை வென்று உலகப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். பில்பாவோவில் அவர் செஸ்ஸை மறந்துவிடவும் இல்லை, நான்கு வாரத்தில் புதிதாகக் கற்றுக்கொண்டு பான் நகருக்குப் போகவும் இல்லை.

முடிவுகள் சரிவதும் ஆட்டத்திறன் சரிவதும் வெவ்வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும் ஆட்டக்காரர், ஒன்றும் கெட்டுப்போகாத இடத்தில் கைவைத்து, நன்றாக இருந்த ஆட்டத்தையும் கெடுத்துக்கொள்கிறார். ஆகவே தொடர்ந்து தோற்கும்போது முதலில் செய்ய வேண்டியது, நடப்பது எது என்று பிரித்தறிவதுதான்.

முதலில் கணக்கு

ஆர்பாட் ஈலோ வகுத்த முறையை ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. அந்த முறைப்படி உங்களைவிட 200 புள்ளி குறைந்தவருடன் ஆடினால் உங்களிடம் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண் 0.76. அதாவது அவரிடம் நான்கில் ஓர் ஆட்ட அளவுக்குப் புள்ளியை இழப்பது இயல்பு என்பதை அந்த முறையே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்த ஒரு தோல்வி நிகழும்போது, கே மதிப்பு (ஓர் ஆட்டம் எண்ணை எவ்வளவு மாற்றும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கி) 20 உள்ளவர் 15 புள்ளிகளையும், கே மதிப்பு 40 உள்ளவர் 30 புள்ளிகளையும் இழக்கிறார். 18 வயதுக்கு உட்பட்ட, 2300ஐத் தொடாத பிள்ளைகளுக்கும், பட்டியலில் புதிதாக நுழைந்து 30 ஆட்டங்கள் முடிக்காதவர்களுக்கும் நீண்ட நேர (கிளாசிக்கல்) ஆட்டத்தில் கே 40 என்பதால், அவர்களுடைய எண் எப்போதும் வேகமாகவே ஏறி இறங்கும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குச் சமமான பலமுள்ளவர்களுடன், டிரா இல்லாமல், 100 ஆட்டங்கள் ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் எங்காவது ஓரிடத்தில் ஐந்து ஆட்டங்களை வரிசையாகத் தோற்பதற்கான வாய்ப்பு 80 விழுக்காட்டுக்கும் அதிகம்; ஆறு ஆட்டங்களை வரிசையாகத் தோற்பதற்கும் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. இதில் உங்கள் திறன் கடுகளவும் குறையவில்லை. அதேபோல, திறன் மாறாமலே கே 20 உள்ளவரின் ரேட்டிங் தன் உண்மையான இடத்திலிருந்து 40 புள்ளி மேலும் கீழும், கே 40 உள்ளவருடையது 60 புள்ளி மேலும் கீழும் அலைவது சாதாரணம். சில வேளைகளில் அதன் இரு மடங்குகூட அலையும். எனவே ஒரே போட்டியில் 50 புள்ளி போய்விட்டது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இறங்குவதற்கு முன் இருந்த உச்ச எண்ணும் இதே அலைச்சலின் ஒரு முனைதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நல்ல காலத்தில் கிடைத்த அந்த எண்ணையே தங்கள் உண்மையான பலமாக வரித்துக்கொண்டு, அதற்குக் கீழே வந்ததையெல்லாம் இழப்பாகக் கருதுகிறார்கள்.

வயது வந்த ஆட்டக்காரர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் போட்டிகளில் 1500 என்ற எண்ணுடன் எதிரே வந்து உட்காரும் பத்து வயதுக் குழந்தையின் உண்மையான பலம், அந்த எண்ணைவிடப் பெரும்பாலும் கூடுதல். தினமும் பயிற்சி எடுக்கும் குழந்தை வளரும் வேகத்துக்கு எண் ஈடுகொடுப்பதில்லை. ரேட்டிங்கின் கீழ்மட்டத்தில் இருந்த இத்தகைய கோளாறுகளைச் சரிசெய்யவே 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழ் உள்ளவர்களின் எண்ணை ஒருமுறை உயர்த்தியது. 1500 இருந்தவருக்கு 1700 ஆனது, பட்டியலின் அடித்தளம் 1400 ஆனது. சின்னப் பிள்ளையிடம் தோற்றுவிட்டோம் என்று குமையாமல், நல்ல ஆட்டக்காரர் ஒருவரிடம் தோற்றோம் என்று எடுத்துக்கொள்வதே உண்மைக்கு நெருக்கமானது.

தோற்ற அன்று

இணையத்தில் பிளிட்ஸ் (சில நிமிட ஆட்டம்) ஆடுபவர்களுக்கு என் பரிந்துரை கண்டிப்பானது: வரிசையாக இரண்டு ஆட்டங்கள் தோற்றால் அன்றைக்கு அத்துடன் நிறுத்துங்கள். மூன்றாவது ஆட்டத்தை நீங்கள் செஸ் ஆடுவதற்காகத் தொடங்குவதில்லை, போன புள்ளியை மீட்பதற்காகத் தொடங்குகிறீர்கள். அந்த மனநிலையில் எதிராளியின் மிரட்டலைப் பார்க்க மனம் பொறுமை கொள்ளாது. இரவு பதினொரு மணிக்கு மேல் நடக்கும் சரிவுகளில் பெரும்பகுதி இப்படி வருபவை. நிறுத்த மனம் வரவில்லை என்றால் ரேட்டிங் இல்லாத ஆட்டமோ, புதிர்களோ ஆடலாம். ஒரு செய்தி: லீசெஸ் என்ற இணைய செஸ் தளம் பயன்படுத்தும் கிளிக்கோ-2 என்ற ரேட்டிங் முறையில், நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும்போது முதல் சில ஆட்டங்களில் எண் வழக்கத்தைவிட அதிகமாக மாறும். ஓய்வெடுத்துத் திரும்பிய முதல் நாளில் பெரிய இறக்கம் தெரிந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோற்ற ஆட்டங்களைப் படித்தல்

உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் தவிர்ப்பதும் இதைத்தான். நகர்வுகளை மதிப்பிடும் கணினி நிரலான என்ஜினைத் திறந்து, எந்த நகர்வில் மதிப்பு சரிந்தது என்று பார்த்து மூடிவிடுவது படிப்பாகாது. எது தவறு என்பதை என்ஜின் சொல்லும். அதை ஏன் ஆடினீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆகவே முதலில் என்ஜின் இல்லாமல், அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள், எதற்குப் பயந்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஸ்டாக்ஃபிஷ் போன்ற என்ஜினிடம் கேளுங்கள்.

என்னிடம் பயிலும் கல்லூரி மாணவர் ஒருவர் தொடர்ந்து தோற்றபோது, தன் ஓப்பனிங்தான் (ஆட்டத்தின் தொடக்க நகர்வு முறை) பழுது என்று உறுதியாக நம்பினார். பல ஆண்டுகளாக ஆடிய சிசிலியனை விட்டுவிட்டுக் காரோ-கான் கற்கத் தொடங்கியிருந்தார். ஐந்து நகர்வுக்கு ஒருமுறை கடிகார நேரத்தை ஸ்கோர் ஷீட்டின் ஓரத்தில் குறிக்கும் நல்ல பழக்கம் அவரிடம் இருந்ததால், தோற்ற ஆட்டங்களின் தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பி அந்த ஓரங்களை மட்டும் பார்த்தோம். 90 நிமிடமும் நகர்வுக்கு 30 வினாடியும் தரப்படும் ஆட்டங்கள் அவை. தனக்கு நன்றாகத் தெரிந்த நிலைகளிலேயே பதினைந்தாவது நகர்வுக்குள் பாதிக்கு மேல் நேரத்தைச் செலவழித்திருந்தார். முப்பதாவது நகர்வுக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாத் தாள்களிலும் அவர் அந்த 30 வினாடியை நம்பியே ஆடிக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்று யானை எண்ட்கேம் (சில காய்களே மிஞ்சும் இறுதிக்கட்டம்): எதிராளிக்கு ஒரு நடுச் சிப்பாய் அதிகம், அது இன்னும் ஐந்தாம் வரிசையைத் தாண்டவில்லை, இவருடைய ராஜா அந்தச் சிப்பாய் ராணியாகும் கட்டத்திலேயே நின்றது. யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் நிறுத்தி எதிரி ராஜாவை முன்னேற விடாமல் தடுத்து, சிப்பாய் அந்த வரிசைக்கு நகர்ந்தவுடன் யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் டிரா. ஃபிலிடோர் நிலை என்ற பெயரில் எல்லா எண்ட்கேம் பயிற்சியிலும் வருவது இது, அவருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நேரமில்லாத பதற்றத்தில் யானையைக் கடைசி வரிசைக்கு இழுத்து, ராஜாவுக்குப் பக்கத்தில் காவல் வைத்துத் தோற்றிருந்தார்.

பழுது ஓப்பனிங்கிலும் இல்லை, எண்ட்கேம் அறிவிலும் இல்லை, நேரத்தைச் செலவழிக்கும் முறையில் இருந்தது. காரோ-கானைத் தள்ளிவைத்துவிட்டு, இருபதாவது நகர்வின்போது கடிகாரத்தில் குறைந்தது 45 நிமிடம் இருக்க வேண்டும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு அடுத்த போட்டிக்குப் போகச் சொன்னேன். உங்கள் நோட்டுப் புத்தகம் வேறு எதையேனும் காட்டலாம். வெல்லும் நிலையில் அவசரப்படுவதாக இருக்கலாம். சற்று மேலான நிலையிலும் பயத்தில் டிரா கேட்பதாக இருக்கலாம். குதிரையின் இரட்டைத் தாக்குதலை மீண்டும் மீண்டும் காணத் தவறுவதாக இருக்கலாம். ஒரே காரணம் பல ஆட்டங்களில் திரும்ப வந்தால் அதுதான் உங்கள் வேலை. காரணங்கள் சிதறிக் கிடந்தால், மேலே சொன்ன அலைச்சல்தான் நடக்கிறது என்று துணிந்து நம்பி, பழைய ஆட்டத்தையே தொடருங்கள். சரிவின் நடுவில் ஓப்பனிங்கை மாற்றுவதை நான் ஒருபோதும் ஊக்குவிப்பதில்லை. புதிய ஓப்பனிங் தன் பங்குக்குச் சில தோல்விகளைத் தரும். எந்தத் தோல்வி எதனால் வந்தது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

போட்டியின் நடுவில்

இரண்டு சுற்றுகளுக்கு இடையே என்ஜினைத் திறக்காதீர்கள். சாப்பிட்டு, சற்று நடந்து, முடிந்தால் அரை மணி நேரம் படுத்து எழுந்து வாருங்கள். இணைப் பட்டியலில் எதிராளியின் பெயரையும் பலகை எண்ணையும் பார்த்தால் போதும், ரேட்டிங் பக்கம் கண்ணை ஓட்ட வேண்டாம். போட்டி விதிகள் அரைப்புள்ளி பை (ஒரு சுற்றை ஆடாமல் அரைப்புள்ளி பெறுவது) எடுக்க இடம் தந்தால், மூன்று தோல்விக்குப் பின் அதைக் கேட்டு வாங்குவதில் எந்த இழுக்கும் இல்லை. ஆனால் எத்தனையாவது சுற்று வரை அனுமதி என்பதை முன்பே நடுவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸில் (உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) ஏழாம் சுற்றில் நேர நெருக்கடியில் ஃபிரூஜாவிடம் தோற்ற குகேஷ், அதற்கடுத்த ஓய்வு நாளில்தான் இது தன்னுடைய போட்டியாக அமையலாம் என்ற நம்பிக்கை வந்ததாகப் பின்னர் கூறினார். அவர் அந்தப் போட்டியை 14க்கு 9 புள்ளியுடன் வென்றார். ஓய்வு நாளை ஓய்வுக்கே செலவிட்டதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரிவு மாதக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் கெட்டு, பலகையைப் பார்த்தாலே வெறுப்பு வருமானால், அது பயிற்சியால் தீர்வதன்று. 2023இல் உலக சாம்பியனான டிங் லிரன் தன் சோர்வையும் மன அழுத்தத்தையும் வெளிப்படையாகப் பேசியவர். பட்டம் வென்ற பின் பல மாதங்கள் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்தார். திரும்பிய பிறகும் முடிவுகள் நன்றாக இல்லை, ரேட்டிங் வெகுவாக இறங்கியது. ஆயினும் 2024 இறுதியில் சிங்கப்பூரில் குகேஷுக்கு எதிரான உலகப் பட்டப் போட்டியைக் கடைசியான பதினான்காவது ஆட்டம் வரை சம நிலையில் கொண்டுசென்றார். ஆட்டத்தை விலக்கி வைக்கவும், தேவைப்பட்டால் மருத்துவரைப் பார்க்கவும் தயங்க வேண்டியதில்லை.

பெற்றோருக்கு

போட்டி அரங்கின் வாசலில் காத்திருக்கும் பெற்றோரின் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை பாயிண்ட் போச்சு?" என்பதாகவோ, "அந்த யானையை ஏன்டா விட்டே?" என்பதாகவோ இருக்கிறது. மூன்று மணி நேரம் தனியாகப் போராடிவிட்டு வரும் பிள்ளை, அடுத்த சுற்றில் பலகையைப் பார்த்து ஆடாமல், வாசலில் கேட்கப்போகும் அந்தக் கேள்வியை நினைத்து ஆடத் தொடங்குகிறது. ஆபத்தில்லாத, உயிரில்லாத நகர்வுகளைத் தேடுகிறது. அதனால் மேலும் தோற்கிறது. முதலில் தண்ணீரும் சாப்பாடும் கொடுங்கள். பேச வேண்டும் என்றால், ஆட்டத்தில் எந்த இடம் பிடித்திருந்தது என்று கேளுங்கள். தோற்ற ஆட்டத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கும், பிள்ளை அதை உற்சாகமாகவே காட்டும். தவறுகளைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடலாம். ரேட்டிங் பட்டியலை ஃபிடே மாதத்தின் முதல் தேதியில் வெளியிடுகிறது. வீட்டில் அந்த எண்ணைப் பற்றிய பேச்சும் மாதத்துக்கு ஒருமுறை, அந்த நாளில் மட்டும் இருந்தால் போதும்.