வாடைக் காற்றில் தெற்கே போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசியில் வாடை இறங்கியதும் சென்னையில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்குக் கால் பரபரக்கும். தெற்கே போனால் காற்று பின்னாலிருந்து தள்ளும், நீரோட்டமும் தெற்கு நோக்கித்தான். ராமேஸ்வரம் வரை சறுக்கிக்கொண்டே போய்விடலாம் என்று தோன்றும்.

ஆனால் அதே மாதங்கள்தான் வங்கக் கடலின் புயல் காலம். கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16. ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது 2024 நவம்பர் 30. வர்தா சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. தானே புயல் கடலூர்ப் பக்கம் அடித்தபோது தேதி டிசம்பர் 30. லீவு கிடைத்த தேதியை வைத்துக் கிளம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. நாங்களும் அதைச் செய்யப் பார்த்தோம். என் கணவருக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு. காசிமேட்டில் தெரிந்த மீனவர் ஒருவரிடம், "அண்ணே, கிறிஸ்துமஸுக்குக் கிளம்பலாமா?" என்று கேட்டேன். அவர் கடலைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "வாடை இன்னும் அடங்கலம்மா. பொங்கல் கழியட்டும்." லீவை மாற்றிக்கொண்டு ஜனவரி கடைசியில் கிளம்பினோம். அதற்கும் தாமதித்தால் நீரோட்டம் வடக்கே திரும்பி எதிர்க்கத் தொடங்கும். வேகம் குறையும், அவ்வளவுதான். புயலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அடுத்தது, பின்காற்றை நம்புவது. காற்று மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வீசுகிறது, படகு 6 கடல் மைலில் ஓடுகிறது என்றால் முதுகில் படுவது 12தான். இதமாக இருக்கும். முழுப் பாயையும் விரித்துவிட்டு டீ போட உட்கார்ந்துவிடுவோம். ஏதோ காரணத்துக்காகப் படகைத் திருப்பி எஞ்சினில் எதிரே போக வேண்டி வந்தால் அதே காற்று 24 ஆக முகத்தில் அறையும். அந்த நேரத்தில் பாயைச் சுருக்குவது இரண்டு பேரால் ஆகிற காரியமில்லை. கரையை விடும்போதே ஒரு மடிப்பு சுருக்கிக்கொண்டு போங்கள். பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் பூம் கட்டையை முன்பக்கம் இழுத்துக் கயிற்றால் கட்டியும் வையுங்கள். சுக்கான் கொஞ்சம் பிசகினால் போதும், அந்தக் கட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தலையுயரத்தில் வீசும்.

நடுவில் எங்காவது ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற கணக்கும் வேண்டாம். கோவளம், மாமல்லபுரம் எல்லாம் அலை உடையும் திறந்த கரை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தை விட்டு நன்றாக விலகித்தான் போக வேண்டும். புதுச்சேரிக்குச் சுமார் 75 கடல் மைல், மணிக்கு 5 மைல் ஓடினால் 15 மணி நேரம். அங்கே முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், இருட்டில் நுழையவே கூடாது. அதனால் மாலை நாலு மணிக்குக் கிளம்பி, விடிந்தபின் போய்ச் சேருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க வலைகள் இருக்கும். விளக்கே இல்லாத ஃபைபர் போட்டிலிருந்து ஒருவர் டார்ச்சை ஆட்டி "வல! வல!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. உடனே எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளை மிதவைகள் ஒவ்வொன்றாகப் படகை ஒட்டி நகர்ந்து போயின. அது அவர்களுடைய பிழைப்பு, விலகிப் போக வேண்டியது நாம்தான்.

தம்பதியாகப் போகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கிற தவறு வேறு. ஒருவருக்கு எல்லாம் தெரியும், இன்னொருவர் சமைப்பார், கயிறு பிடிப்பார். தெரிந்தவரே கடலில் விழுந்துவிட்டால்? கிளம்பும் முன் துறைமுகத்துக்கு வெளியே ஒரு தேங்காயைக் கடலில் போட்டோம். என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், நான் தனியாகப் படகைத் திருப்பி அதை எடுக்க வேண்டும். அலை நடுவே தேங்காய் மனிதத் தலை அளவில்தான் தெரியும், கண்ணை எடுத்தால் காணாமல் போகும். முதல் முறை இருபது நிமிடம் ஆனது. ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறவரை தினமும் செய்தேன். அப்புறம் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் சேனலில் உதவி கேட்பது, கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண், இவை இரண்டு பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இரவில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் கட்டாயம் தூங்க வேண்டும். துணைக்கு என்று இரண்டு பேரும் விழித்திருந்தால் விடியலில் இரண்டு பேருமே உதவ மாட்டார்கள்.

கோடியக்கரை தாண்டியதும் கடல் ஆழமற்றது, இலங்கை எல்லையும் பக்கம். குறுக்கு வழி தேடாதீர்கள். பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுப்பகுதி 17 மீட்டர் மேலே ஏறும். ஆனால் பக்கத்திலிருக்கும் சாலைப் பாலம் அசையாது, பாய்மரத்தின் உயரத்தை முன்பே அளந்து வையுங்கள். அனுமதி வாங்கிக் காத்திருக்கவும் வேண்டும். வாடை நேராக அடிக்கிற வடபுறத்தில்தான் அந்தக் காத்திருப்பு. நாங்கள் அங்கே மூன்று நாள் கிடந்தோம். முதல் ராத்திரி நங்கூரம் இழுபட்டது. ஆழத்தைப் போல ஏழு மடங்கு கயிறு விட்ட பிறகுதான் படகு நின்றது.