பாட்டிலைத் திருப்புங்கள்: ‘க்ளீன்’ க்ரீமின் பின்பக்கத்தை வாசிப்பது எப்படி?

முன்பக்கத்தில் ஒரு பச்சை இலை, ‘க்ளீன்’ என்று கொட்டை எழுத்து, அதன் கீழே பாரபென் இல்லை, சல்பேட் இல்லை, அது இல்லை, இது இல்லை. என்னவெல்லாம் இல்லை என்று இவ்வளவு சொல்கிறவர்கள் என்ன இருக்கிறது என்பதை மட்டும் பின்னால் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். ‘க்ளீன்’ என்ற சொல்லுக்கு இந்தியாவில் சட்ட வரையறை கிடையாது, அமெரிக்காவிலும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பின்பக்கப் பட்டியலுக்கு விதி உண்டு என்பதால் நாம் அதைத்தான் படிக்கப் போகிறோம். வீட்டில் கிடக்கும் கற்றாழை ஜெல் பாட்டில் ஒன்றை எடுத்து வாருங்கள், அதை வைத்தே பழகலாம்.

படி 1: பட்டியலைப் படம் எடுங்கள்

போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் கண் வலிக்காது. பாட்டிலில் இல்லாவிட்டால் அட்டைப் பெட்டியில் இருக்கும். ஆயுர்வேத உரிமத்தில் தயாரானது என்றால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும்: ‘ஒவ்வொரு 10 கிராமிலும்’ என்று தொடங்கி மூலிகைகளை மில்லிகிராமில் சொல்லிவிட்டு, கடைசியில் பல லேபிள்களில் ‘ஜெல் பேஸ் க்யூ.எஸ்.’ என்று முடித்துவிடுவார்கள். க்யூ.எஸ். என்றால் தேவையான அளவு. 10 கிராமில் 100 மில்லிகிராம் வேம்பு என்றால் ஒரு சதவீதம்தான், மற்றதெல்லாம் அந்த இரண்டு எழுத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

படி 2: ஒரு சதவீதக் கோட்டைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை அளவு குறைந்துகொண்டே போகும் வரிசையில் எழுத வேண்டும், அதற்குக் கீழே உள்ளவற்றை எப்படி வேண்டுமானாலும் கலைத்துப் போடலாம். ஆனால் கோடு எங்கே விழுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள் அது, ஐரோப்பாவில் அதற்கு உச்ச வரம்பே ஒரு சதவீதம். அந்த வரம்புக்குள் தயாரித்த பாட்டிலில் அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. குங்குமப்பூ படம் போட்ட சீரத்தில் குங்குமப்பூ அந்தப் பெயருக்கும் பின்னால் நின்றால், நீங்கள் காசு கொடுத்தது பெரும்பாலும் படத்துக்கு.

இப்போது நம் ஜெல்லைப் பார்ப்போம். முதலில் அக்வா, அதாவது தண்ணீர் இருந்தால், முன்பக்கத்து ‘99% கற்றாழை’ எப்படிச் சரியாகும்? கற்றாழைத் தூளைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசல் முழுவதையும் கற்றாழைக் கணக்கில் எழுதுவதும் நடக்கிறது. அப்புறம், ஜெல் பச்சையாக இருக்கிறதா? சோற்றுக்கற்றாழையைச் சீவினால் உள்ளே இருப்பது நிறமில்லாத கூழ். பட்டியலின் வாலில் சிஐ 19140, சிஐ 42090 என்று இரண்டு எண்கள் இருக்கும் பாருங்கள். ஒன்று மஞ்சள் சாயம், மற்றது நீலம். இரண்டும் சேர்ந்தால் பச்சை!

படி 3: ‘இல்லை’ என்றதற்குப் பதிலாக என்ன?

பாரபெனும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்தான். அதைப் பற்றிய பயம் பரவியதில் 2004இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. மார்பகக் கட்டிகளில் பாரபென் இருப்பதை அது காட்டியது, அதனால்தான் கட்டி வந்தது என்று காட்டவில்லை. 2014இல் ஐரோப்பா ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தது, மெத்தில்பாரபெனை 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதிக்கிறது. இந்தப் பயத்தில் பாரபெனை விட்ட பல நிறுவனங்கள் கெடாமல் காக்கும் இன்னொரு பொருளான மெத்தில்ஐசோதயசோலினோன் பக்கம் போயின, தோல் ஒவ்வாமை அப்படிப் பெருகியதில் அமெரிக்கத் தொடு தோலழற்சிச் சங்கம் 2013இன் ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது. அதே சங்கம் 2019இல் பாரபென்களை ‘ஒவ்வாமை அல்லாத பொருள்’ என்று அறிவித்தது வேடிக்கைதான். தடவி அப்படியே விடும் க்ரீம்களில் மெத்தில்ஐசோதயசோலினோனை ஐரோப்பா இப்போது அனுமதிப்பதில்லை. உங்கள் பாட்டிலில் அந்தப் பெயர் இருந்தால் வாங்காதீர்கள்.

சல்பேட் என்பது நுரைக்காகச் சேர்ப்பது. ‘சல்பேட் இல்லை’ என்ற ஷாம்பூவில் சோடியம் கோகோ சல்பேட் இருந்தால் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள், அதுவும் சல்பேட்தான், தேங்காயிலிருந்து வந்தது என்பது தவிர. தண்ணீர் உள்ள க்ரீமில் கெடாமல் காக்கும் பொருள் ஒன்றுமே இல்லை என்றால் அது பெருமையல்ல, கிருமி வளரும்.

படி 4: வாசனையைப் பாருங்கள்

பர்ஃப்யூம் என்ற ஒரே சொல்லுக்குள் பல பத்துப் பொருட்கள் இருக்கலாம், எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘இயற்கை எண்ணெய் வாசனைதான்’ என்பதும் முழு ஆறுதல் இல்லை. லாவெண்டரில் லினலூல், எலுமிச்சைத் தோலில் லிமோனீன், இரண்டும் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. நான் கன்னம் எரிய எரிய இரண்டு வாரம் பூசிய சீரமும் ‘க்ளீன்’தான், ஆரஞ்சு எண்ணெய் பட்டியலில் நாலாவது இடத்தில் இருந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்தேன், என்ன சொல்ல.

படி 5: முகத்துக்கு முன் கை

முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, நாளுக்கு இரண்டு முறை, 7 முதல் 10 நாள் வரை தடவிப் பாருங்கள். ஃபேஸ் வாஷ் என்றால் முகத்தில் வைத்திருக்கும் நேரம் மட்டும் வைத்துக் கழுவுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ உடனே நிறுத்துங்கள். பாட்டிலை வீசினாலும் படி 1இல் எடுத்த படத்தை அழிக்க வேண்டாம், தோல் மருத்துவரிடம் போக நேர்ந்தால் அவருக்கு அது தேவைப்படும்.